தகட்டுக்கு ஒரு பாக்கெட்

கடையை மூடி ஏழு மாதம் ஆகியும் தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லரக்காதான். இருபத்திரண்டு வருஷம் தைத்தவள். பக்கத்திலேயே இரண்டு ரெடிமேட் கடைகள் வந்த பிறகு, அங்கே வாங்கியதை இடுப்பு பிடித்துக் கொடுக்கத்தான் இவளிடம் ஆள் வந்தது. ஒருநாள் காலையில் வரிசையாக நாலு பேண்டுக்கு நீளம் குறைத்தாள். ஐந்தாவது ஆள் வருவதற்குள் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டாள். பிறகு வீட்டில் தைக்க முடிந்ததையெல்லாம் தைத்தாள். வாஷிங் மெஷினுக்கு உறை, அந்த உறைக்கு ஓரப்பட்டி, டிவி ரிமோட்டுக்குச் சட்டை. கேஸ் சிலிண்டருக்கு டேப்பைச் சுற்றிக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கே தன்னைப் பார்த்துப் பயம் வந்தது.

வீட்டுக்குப் பின்னால் அவள் வீட்டுக்காரருக்கு ஒரு பட்டறை. வண்டிகளுக்குத் தகட்டு வேலை. அவருக்குப் பட்டப்பெயர் அரைமில்லி. எதைக் காட்டினாலும் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "அரை மில்லி தூக்குது" என்பார். கதவு, அலமாரி, எதிர்வீட்டுக்காரர் புதிதாகக் கட்டிய பல் செட், எதற்கும் விலக்கு கிடையாது. எதிர்வீட்டுக்காரர் இன்றுவரை பேசுவதில்லை.

அந்த அரைமில்லிக்குப் போன மாதம் முதுகெலும்பில் ஒரு தட்டு விலகிவிட்டது. எவ்வளவு விலகியது என்று அவர் சொல்லவில்லை. குனியக் கூடாது என்றார் டாக்டர். குனியாமல் வண்டிக்குள் எப்படி அளவெடுப்பது என்று டாக்டரும் சொல்லவில்லை. நேரம் பார்த்து ஒரு சர்வேயர் தன்னுடைய பழைய ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். பெரிய வண்டி, இருபது வயசு. பின்பக்கம் சாமான் ஏற்றும் இடத்தில் இரண்டு சுவர்களிலும் இருந்த பிளாஸ்டிக் பேனல்கள் வெடித்து, உதிர்ந்து, மிச்சத்தைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அலுமினியத் தகட்டில் செய்துதர வேண்டும். திங்கட்கிழமை காலை மலைப்பக்கம் ஒரு மாத வேலைக்குக் கிளம்புகிறார்.

"வேற இடம் பாத்துக்கோங்க சார், என்னால உள்ள குனிய முடியாது" என்று அரைமில்லி சொல்ல வாயெடுத்தார். அதற்குள், டீ கொண்டுவந்த டெய்லரக்கா வண்டிக்குள் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"நான் அளவெடுக்கிறேன்."

"இது சட்டை இல்ல."

"தெரியுது. பட்டன் இல்லையே."

சர்வேயர் டீயை வாங்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அளவு என்றாலே அவருக்கும் ஒரு கருத்து உண்டு. ஆனால் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் எல்லைக்கல் நடும் ஆள் அவர் இல்லை.

அவர் போனதும் அவள் நேராகவே கேட்டாள். "வீட்ல சும்மா உக்காந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்ங்க. என்னைப் பட்டறையில சேத்துக்கோங்க. இதுக்கு மேல எப்படிக் கேக்கறதுன்னு தெரியல."

அரைமில்லி யோசித்தார். "டைட்டா இருந்தா நீ ரெண்டு தையல் பிரிச்சு விடுவ. தகட்டுல எதைப் பிரிப்ப? ஒரு தடவ மடிச்சா மடிச்சதுதான். திருப்பி நிமித்தினா உடைஞ்சுடும்" என்றார். பிறகு, "சரி, இந்த ஒரு வண்டி. சரியா வந்தா பட்டறைக்கு வா. வரலைன்னா மறுபடி இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது" என்றார். அவள் தலையாட்டிவிட்டாள்.

மூன்று நாள் அவள் வண்டிக்குள்ளேயே கிடந்தாள். பழைய ஃபிரிட்ஜ் வந்த அட்டையைச் சுவரில் வைத்து, அழுத்தி, வெட்டி, மறுபடி வைத்துப் பார்த்தாள். ஒரே வண்டியானாலும் இரண்டு சுவரிலும் ஓட்டை வேண்டிய இடம் ஒன்றில்லை. இடதுபக்கம் சின்ன விளக்கு. வலதுபக்கம் ஜாக்கி வைக்கும் பெரிய பொந்து. இரண்டு பக்கமும் பின்சக்கரத்துக்கு மேலே ஒரு புடைப்பு. அரைமில்லிக்கு எப்போதும் தலைவலி தருவது அந்தப் புடைப்புதான். அவளுக்கு அது ஒரு குண்டு மனிதரின் தோள்பட்டை. அப்படி ஒரு தோளுக்கு இரண்டு இடத்தில் பிடிப்பு வைத்தால் துணி உட்காரும், அட்டையும் உட்கார்ந்தது. அரைமில்லி நிமிர்ந்தபடியே டார்ச் அடித்துச் சுற்றும் பார்த்தார். தூக்குகிறது என்று எங்கேயும் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

அட்டைகளைக் கழற்றி, 'இடது', 'வலது' என்று எழுதி மேஜைமேல் வைத்தாள். சனிக்கிழமை காலை அரைமில்லி எழுத்து மேலே தெரியும்படி அவற்றைத் தகட்டின்மேல் வைத்துக் கோடு கிழித்தார், வெட்டினார், ஓட்டை போட்டார், மடிக்கும் மெஷினில் ஓரங்களைப் பின்பக்கமாக மடித்தார். கோடு பிசகவில்லை. மத்தியானம் இருவருமாகத் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் வைத்தார்கள். இடதுபக்கப் பேனல் இடதுபக்கம் உட்காரவில்லை. வலது, வலதில் உட்காரவில்லை. முன்னால் இருக்க வேண்டிய சரிவு பின்னால் இருந்தது.

அரைமில்லி அட்டையை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். "எந்தப் பக்கத்துல எழுதின?"

"கெட்ட பக்கத்துல."

"கெட்ட பக்கமா?"

"நல்ல பக்கத்துல யாராவது எழுதுவாங்களா? சாக்பீஸ் வெளியில தெரியாதா?"

துணியில் வெளியே தெரிவது நல்ல பக்கம், உடம்பை ஒட்டுவது கெட்ட பக்கம். குறிப்பதும் கோடு போடுவதும் கெட்ட பக்கத்தில்தான். இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் கை தானாகவே அட்டையைக் குப்புறப் போட்டு எழுதிவிட்டது. தகட்டுக்காரருக்கோ எழுத்து இருக்கும் பக்கம்தான் முகம். யாரும் தப்பு செய்யவில்லை. பேனல்கள் மட்டும் இரண்டும் தப்பு.

"அரை மில்லி இல்ல, முழுசாவே திரும்பிடுச்சு" என்றார் அவர். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, அவர் சாதாரணமாகச் சொன்னதுதான் அவளைச் சுட்டது. புதுசாகச் செய்ய முழுத் தகடு வேறு இல்லை. மத்தியானத்தோடு மூடிய தகட்டுக் கடை இனித் திங்கட்கிழமைதான் திறக்கும். சர்வேயருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவோம் என்று எழுந்தார். அவள் வண்டியின் பின்படியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தபோது பேனல் இரண்டும் எதிரே சாய்ந்திருந்தன. தைக்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும், இதை வேறு எதற்காவது ஆக்க முடியுமா என்று பார்ப்பார்கள்.

"ஏங்க, போனை வைங்க. இடதைத் தூக்கி வலதுல வைங்க."

வைத்தார். உட்கார்ந்தது. சரிவு, புடைப்பு, ஓரம், எல்லாம் கச்சிதம். மற்றதும் அப்படியே.

"உருவம் சரி. ஓட்டை தப்பாச்சே" என்றார் அரைமில்லி. "விளக்கு இல்லாத இடத்துல விளக்கு ஓட்டை, ஜாக்கி இல்லாத இடத்துல ஜாக்கி ஓட்டை. வேண்டிய ஓட்டையைப் புதுசா வெட்டிடலாம். வேண்டாத ஓட்டையை என்ன பண்றது? ஒட்டுப் போட்ட தகடு இந்தப் பட்டறையை விட்டுப் போகாது."

"ஒட்டு யார் போடச் சொன்னா? பாக்கெட் வைப்போம்."

அவர் பேனலுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே கையை விட்டு ஆழம் பார்த்தார். முழங்கைவரை போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை. அவர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்ல, மிச்சத் தகட்டில் அவளே வெட்டினாள், அவளே மடித்தாள். ஓட்டைக்குப் பின்னால் பெட்டி, முன்னால் கீல் வைத்த மூடி, திருகினால் பூட்டிக்கொள்ளும் கொக்கி. இந்தத் தடவை ஒவ்வொரு துண்டிலும் எந்தப் பக்கம் முகம் என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்கள். கேட்டவர்கள் ஏதோ கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு சர்வேயர் டேப்போடு வந்தார். மேலே, கீழே, குறுக்கே பிடித்துப் பார்த்தார். டெய்லரக்கா வண்டிக்குள் கடைசி ரிவெட்டை அடிப்பதாகப் பாவனை பண்ணிக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தாள். ரிவெட் எப்போதோ அடித்தாகிவிட்டது. சர்வேயர் பெரிய பாக்கெட்டைத் திறந்தார், மூடினார். ஓடிப்போய் முன்சீட்டிலிருந்து ஆணிப் பையையும் தூக்குக்குண்டையும் கொண்டுவந்து உள்ளே வைத்தார். மறுபடி திறந்து, இருக்கின்றனவா என்று பார்த்தார்.

"இது நான் கேக்கவே இல்லையே" என்றார்.

"ஆமா சார்" என்றார் அரைமில்லி.

சர்வேயர் அங்கேயே நின்று படம் எடுத்து, பட்டறை நம்பரோடு தன்னோடு வேலை செய்பவர்களுக்கெல்லாம் அனுப்பினார். வீட்டுக்காரர் இன்னும் எதுவும் சொல்லவில்லையே என்பதுதான் டெய்லரக்காவுக்குக் கவலை. சரியாக வந்ததா, வரவில்லையா? பாக்கெட் வைத்துத் தப்பித்தது எந்தக் கணக்கில் சேரும்? கேட்கவும் பயமாக இருந்தது. வண்டியை விட்டு இறங்காமல், துடைத்த தகட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே பட்டறைப் போன் அடித்தது. அரைமில்லி எடுத்தார்.

"ஆமாங்க, பாக்கெட் வச்ச பேனல் இங்கதான்... மேஸ்திரியா? அவங்க வண்டிக்குள்ள வேலையா இருக்காங்க. நீங்க வண்டியைக் கொண்டு வாங்க, அளவெல்லாம் அவங்கதான் எடுப்பாங்க."

அந்தப் பக்கம் யாரோ ஏதோ கேட்டார்கள்.

"நானா? நான் மேஸ்திரியோட வீட்டுக்காரர்."