வேடிக்கை பார்ப்பவள்

சிதம்பரத்தில் நாங்கள் கால்பந்து ஆடிய மைதானம் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே மண்ணில் இரண்டு மூன்று கிரிக்கெட் மேட்ச் நடக்கும். எங்கள் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் எவனோ ஒருவன் ஃபீல்டிங் நிற்பான். வாக்கிங் வந்த மாமாக்கள் பேசிக்கொண்டே குறுக்கே போவார்கள். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே இடமும் வலமும், தோளுக்குப் பின்னாலும் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் கார்க் பந்து மண்டையைப் பதம் பார்த்துவிடும். என் கழுத்து அப்படித்தான் பழகியது.

கல்லூரியில் கடைசி வருஷம். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் செலக்‌ஷன் மேட்ச். நான் எப்போதும் நடுவில் ஆடுகிறவள். பந்தை வாங்கி, அடுத்து யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிற இடம் அது. அந்த இடத்துக்காகத்தான் போனேன். ஆட்டம் தொடங்கியதுமே கோச் கத்தினார்.

"ஏம்மா, பந்தப் பாரு! தேர் பாக்கவா வந்த, சுத்திச் சுத்தி வேடிக்கை பாக்குற?"

இடைவேளையில் எந்த ஊர் என்று கேட்டார். குமராட்சிப் பக்கம் என்றேன்.

"அதான பாத்தேன். வயல்ல ஓடுன காலு. நீ ஓரமா விங்ல ஓடும்மா. யோசிக்கிறத அவுங்க பாத்துப்பாங்க."

அவுங்க என்றால் கடலூர் டவுன் பெண்கள். என் இடத்தில் அவர் நிறுத்திய பெண் எல்லோரையும் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தாள். அதைத்தான் மூளை என்று நினைத்தார் போலிருக்கிறது. பந்து காலில் பட்ட பிறகுதான் அவள் தலையைத் தூக்குவாள். அதற்குள் இரண்டு பேர் வந்து மறித்துவிடுவார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அம்மா நடவுக்குப் போகிறவள். அதனால் என் கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை என்று பாதி ஆட்டத்தில் கண்டுபிடித்துவிட்டார் மனிதர்.

கொஞ்ச நேரம் ஓரத்தில் ஓடினேன். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்துவிட்டேன். பந்து என்னிடம் வந்தபோது கோலுக்கு முதுகைக் காட்டித்தான் நின்றேன். ஆனால் முன்பே பார்த்து வைத்திருந்தேன். இடது பக்கம், சிதம்பரத்திலிருந்து என்னோடு வந்த தோழி தனியாக நின்றாள். அவளை மறிக்க வேண்டியவள் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே தட்டிவிட்டேன். தோழி கோல் போட்டாள்.

"யாரக் கேட்டு உள்ள வந்த?" என்றார் கோச்.

"யாரையும் கேக்கல சார். பாத்தேன், வந்தேன்."

ஆட்டம் முடிந்ததும் கூப்பிட்டார். "ஒன்ன எடுத்துக்குறேன். ஆனா விங்லதான். சொன்னத மட்டும் செய்யணும்."

"நடுவுல ஆட விட்டா வரேன் சார். இல்லன்னா வேணாம்."

அவர் சிரித்தார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறிய பிறகும் தோழிக்கு ஆறவில்லை. "லூசா மச்சான் நீ? டிஸ்ட்ரிக்ட் டீம்டி! ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலை கெடைக்கும். ஓரமா ஓடுனா என்ன கொறஞ்சிடப் போற?"

"ஓடலாம்டி. அப்புறம் காலம் பூரா ஓடு ஓடுன்னுதான் சொல்லுவானுங்க."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். வேலைக்கான ஒரு வழி கண்ணெதிரே போனது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த முடிவை மாற்றிக்கொள்ள ஒருநாளும் தோன்றியதில்லை.

அடுத்த வருஷம் அதே மஞ்சக்குப்பத்தில் அந்த மாவட்ட அணியோடு எங்கள் சிதம்பரம் டீமுக்கு ஒரு பயிற்சி ஆட்டம். நான் நடுவில். எனக்கு எதிரே அதே டவுன் பெண். கோட்டுக்கு வெளியே அதே கோச், அவளைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"சுத்திப் பாரும்மா! பந்து வர்றதுக்கு முன்னாடியே பாரு!"

என்னை அவர் கவனிக்கவில்லை. நான் அவரைக் கவனித்தேன், வேடிக்கை பார்க்கிறவள் ஆயிற்றே. அவர் கத்தி முடிப்பதற்குள் பந்து அவள் காலிலிருந்து என் காலுக்கு வந்திருந்தது.