கோரிமா பிடித்த ஒன்பது மீன்கள்

பராடெனே வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். மற்ற நேரமெல்லாம் பொய்மீன் தூண்டில் செய்கிறார். மரத்தண்டில் பாவா சிப்பியைப் பதித்து, எலும்பு முள்ளை நாரால் கட்டி, வாலுக்கு இறகு வைப்பார். தண்ணீரில் இழுத்தால் சிப்பி மினுங்கும். கஹாவாய் மீன் இரையென்று பாய்ந்து கவ்வும். முள்ளுக்குக் கசாப்புக் கடை மாட்டெலும்பு.

மோட்டு ஆற்று முகத்துவாரத்தில் கஹாவாய் கூட்டம் ஏறிய சனிக்கிழமை காலை, அவருடைய சித்தப்பா மகள் மெரியானா ஒரு பழைய பொய்மீனோடு வந்தாள். செத்துப்போன அப்பாவின் கொட்டகையில் கிடைத்ததாம். நார்க்கட்டு இற்றுப்போயிருந்தது.

"இன்னைக்கே இதைத் தண்ணியில போடணும் அண்ணே. உங்க பஸ் மாதிரி உருட்டாம சீக்கிரம் கட்டுங்க."

"பஸ்ஸைப் பத்திப் பேசினா ஆத்துக்கு நடந்துதான் வருவே."

சமையலறை மேசையிலேயே வேலையைத் தொடங்கினார். முள்ளின் அடியைச் சுரண்டியபோது கை ஒரு கணம் தயங்கியது. மாட்டெலும்பு அல்ல. திமிங்கிலமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு, முள்ளைப் பல்லில் கவ்வியபடி புது நாரை இறுக்கினார்.

ஒன்பது மீன் விழுந்தது. மதியம் அவர் மனைவி ஹூஹனா வறுத்துப் போட, பக்கத்து வீட்டு நான் உட்பட எல்லோரும் விரலை நக்கிச் சாப்பிட்டோம். ரொட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பொய்மீன் கிடந்தது.

"அப்பா கத்துற மாதிரியே கத்தி வீசினேன் அண்ணி," என்றாள் மெரியானா. "'டேய் கோரிமா, எங்களுக்குச் சோறு கொண்டாடா!' உடனே கடிச்சுது."

"யாருன்னு சொன்னே?"

"கோரிமா. தூண்டிலோட பேரு."

ஹூஹனா தட்டைத் தள்ளினாள். "கோரிமா எங்க தாத்தாவுக்குத் தாத்தா. உங்க குலத்து ஆளுங்களோட நடந்த சண்டையில செத்தவர். உடம்பே கிடைக்கலை."

யாரும் மெல்லவில்லை. பகைவனின் எலும்பில் முள் செய்து, அவன் பெயரையே அதற்கு வைத்து மீன் பிடிக்கவைப்பதைவிடப் பெரிய அவமானம் அந்தக் காலத்தில் கிடையாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், பழங்கதையாக.

"திமிங்கிலமாக்கூட இருக்கலாம்ல அண்ணே?" என்றாள் மெரியானா. "சொல்லுங்க."

ஆமாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மனைவி நம்பியிருப்பாள், நம்பவே அவள் காத்திருந்தாள்.

"ஆயிரம் எலும்பு அறுத்திருக்கேன்," என்றார். "இது மனுஷன்."

கொல்லைப்புறம் ஓடினார். அவர் வாந்தியெடுப்பது உள்ளே கேட்டது.

திரும்பி வந்து, காலையில் கட்டிய கட்டை அறுத்தார். மரத்தையும் சிப்பியையும் நீட்டியபோது மெரியானா தொட மறுத்தாள். முள்ளை ஒரு வெள்ளைத் துணியில் ஹூஹனா வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அக்கரையில் ஹூஹனாவின் ஊருக்குப் போனோம். இடுகாட்டில் அவள் அண்ணன் ஈஹாக்கா சிறு குழி வெட்டி வைத்திருந்தார். மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, துணியைப் பிரித்துப் பார்த்தார்.

"இதுல மீன் பிடிச்சீங்களா மாப்பிள்ளை?"

"ஒன்பது," என்றார் பராடெனே.

"தின்னீங்களா?"

அவர் வாய் திறப்பதற்குள் ஹூஹனா முன்னால் வந்தாள்.

"நானும் தின்னேன் அண்ணே."

ஈஹாக்கா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, வெட்டிய மண்ணின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.