ஆறு மாதம் ஆகாத உறுப்பினர்

காஸ்பரை எங்கள் சாந்தோம் பக்கத்தில் 'பிரெஞ்சுக்காரர்' என்றுதான் சொல்வோம். ஆள் நம்மைவிடக் கறுப்பு. பேசுவது தமிழ், சாப்பிடுவது மீன் குழம்பு. ஆனால் பிறந்தது பாண்டிச்சேரி, பிரெஞ்சு சர்க்காரின் பிரஜை. ஒரு ராத்திரிப் பயணத்தில் போய்விடக்கூடிய ஊரிலிருந்து வந்தவரை அந்நிய தேசத்தான் என்று சொல்ல எங்களுக்கு வெட்கமே இருந்ததில்லை. இருபது வருஷமாகக் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் தனியாகக் குடியிருந்தார். கீழே முழுக்க ஒரு ஜவுளிக்காரரின் கிடங்கு. அந்த மாடிப்படியை எங்களில் ஒருவரும் ஏறிப் பார்த்ததில்லை.

பாரிமுனையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் டைப் அடிக்கிற வேலை. டிராமில் போவார், டிராமில் வருவார். கம்பெனியில் வைத்தியத் திட்டம் ஒன்று இருந்தது. மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். உடம்புக்கு ஏதாவது வந்தால் டாக்டர், மருந்து, ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாம் அவர்கள் பொறுப்பு. உலகச் சண்டை முடிந்த வருஷம் அவருக்கு டைபாய்டு வந்து அந்தக் கட்டிலில் கிடந்தார். கவனிப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தினமும் நாலு மணிக்குக் கதவைத் திறந்துவிடுவார்கள். தூக்குக்கூடையும் சாத்துக்குடியுமாக ஜனம் உள்ளே வரும். இவர் கட்டிலுக்கு மட்டும் ஆள் வராது. பக்கத்துக் கட்டில்காரன் பரிதாபப்பட்டு ஒரு சுளையை நீட்டியிருக்கிறான். அதற்கப்புறம் நாலு மணி ஆனால் காஸ்பர் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு தூங்குவதுபோல் கிடப்பாராம்.

குணமாகி வந்ததும் முதல் காரியமாகக் கம்பெனித் திட்டத்தை விட்டுவிட்டு எங்கள் பங்குக் கோவிலின் சூசையப்பர் சகாய சங்கத்தில் சேர மனுப் போட்டார். ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. ஒருதரம் விட்டால் கம்பெனியில் மறுபடி சேர்க்கமாட்டார்கள். சங்கம் கொடுப்பதோ மருந்துச் செலவில் பாதி, அதுவும் கையிருப்பு இருந்தால். ஆனால் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயில் விழுந்த உறுப்பினரை இன்னொரு உறுப்பினர் தினமும் கோவிலில் மாலை மணி அடித்தபின் போய்ப் பார்க்க வேண்டும். சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று விசாரித்து, கூட உட்கார்ந்து ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டு வரவேண்டும். காஸ்பருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அந்நிய தேசத்தானைச் சேர்க்கலாமா என்று எங்கள் பெரிய மனிதர்கள் ஞாயிறு ஞாயிறாக வாதாடினார்கள். வீட்டில் வாய் திறக்க முடியாதவர்கள் வேறு எங்கே பேசுவார்கள்? கடைசியில் செயலாளர் மர்சலின், தையற்கடைக்காரர், எழுந்து ஒரே போடாகப் போட்டார்.

"சூசையப்பரே கொழந்த ஏசுவத் தூக்கிக்கினு எகிப்துல போய் அந்நியனா இருந்தவரு. இவரச் சேர்த்தா இன்னா கெட்டுப்பூடும்?"

சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் புது உறுப்பினருக்கு முதல் ஆறு மாதம் உதவியும் கிடையாது, பார்க்க ஆளும் வராது. மற்றவர்களைப் பார்க்கப் போவது மட்டும் முதல் வாரத்திலிருந்தே கடமை. இந்த விதியை எழுதின புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

காஸ்பருக்கு வாய்த்த நோயாளி ராஜநாயகம், ஓய்வுபெற்ற வாத்தியார். கிணற்றடியில் வழுக்கிக் கால் எலும்பு முறிந்து கிடந்தார். கால்தான் முறிந்தது, வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. காஸ்பர் பயந்துபயந்து கதவைத் தட்டினால் உள்ளிருந்து, "இன்னாய்யா, தட்டுறீரா, தடவிப் பாக்குறீரா?" என்று குரல் வரும். சாப்பிட்டீர்களா என்று கேட்டால், "சாப்டாம உமக்காவ பட்டினி கெடக்கறனா?" என்பார். ஒருநாள்கூட ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இவர் ஒருநாள்கூடப் போகாமல் இருந்ததில்லை.

நாலாவது மாதம் காஸ்பருக்குக் காய்ச்சல் கண்டது. கம்பெனி டாக்டரைக் கேட்க வழியில்லை. சங்கத்துக்குச் சொல்லியனுப்பவும் மனம் வரவில்லை. ஆறு மாதம் ஆகவில்லையே! விதி தெரிந்த மனிதர். இரண்டு நாள் அந்த அறையில் தண்ணீர்க் கூஜாவோடு கிடந்தார். ஆஸ்பத்திரியில் நாலு மணியாவது வந்தது, இங்கே அதுவும் இல்லை. செத்தால் கிடங்குக்காரருக்கு நாற்றம் அடித்துத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாராம். பின்னால் அவரே இதைச் சொன்னார்.

மூன்றாம் நாள் பொழுது சாயும்போது கதவு தட்டப்பட்டது. தன் கதவை யார் தட்டப்போகிறார்கள் என்று அவர் எழுந்திருக்கவே இல்லை. மர்சலின்தான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இன்னா சார், ரெண்டு நாளா நோயாளியப் பாக்கப் போவலியாமே? வாத்தியார் கத்திக்கினு கீறாரு. இன்னா ஏதுன்னு கேக்க வந்தேன்."

காஸ்பர் கைகூப்பினார். "மன்னிச்சிடுங்க. ஜுரம். எனக்கு இன்னும் ஆறு மாசம் ஆவல, அதான் சொல்லி அனுப்பல."

மர்சலின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கூஜாவை எடுத்துப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க இருக்கக் கூடாதுங்களே," என்றார் காஸ்பர். "விதி இருக்குதே."

"நான் நோயாளியப் பாக்கவா வந்தேன்? விளக்கம் கேக்க வந்தேன். நீங்க இன்னும் சரியா சொல்லல. நாளைக்கும் வந்து கேப்பேன்."

காஸ்பர் தண்ணீரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். பிறகு கேட்டார். "வாத்தியார் ரொம்பக் கோவமா இருக்காரா? என்ன சொன்னாரு? அவர் சொன்னபடியே சொல்லுங்க."

மர்சலின் தயங்கினார். "கோவந்தான். 'அந்தப் பிரெஞ்சுக்காரனக் காணோமேய்யா, எனக்கு மனசே சரியில்ல, போய்ப் பாரு'ன்னாரு."

காஸ்பர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. திரும்பாமலே, "இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார்.

மர்சலின் இன்னொரு தரம் சொன்னார்.