பனை பார்க்கப் போகிற நாத்தனார்

“நான் பாக்க வந்தது மரத்தை சார், உங்க முதுகை இல்ல. தள்ளுங்க.”

மலையடிவாரத்தில், பஸ்ஸை விட்டு இறங்கிய பதினெட்டுப் பேர் முன்னால், என் நாத்தனார் பயணத் தலைவரிடம் சொன்னது இது. மனுஷன் பாதையை மறித்து நின்றிருந்தார். “உங்க முழங்காலுக்கு இந்த ஏத்தம் ஆகாதுக்கா. பஸ்லயே இருங்க, போட்டோ காட்டுறேன்” என்றார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

நாத்தனாருக்கு அறுபத்தேழு வயது. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் போனபிறகு என்னோடுதான் இருக்கிறாள். முப்பத்தொரு வருடம் ஒரு எட்டு மாடிக் கட்டிடத்தில் படிக்கட்டு துடைத்தவள். முழங்கால் அங்கேயே போயிற்று.

இந்தத் தலைவர் அதே கட்டிடத்தில் மூன்றாவது மாடிக்காரர். அவர் வாசலில் தொட்டியில் ஒரு பனங்கன்று இருந்தது. படியோடு சேர்த்து அதன் இலையையும் இவள் துடைப்பாள். ஒருநாள் அவர், “காட்டுல இது அறுபது அடி வளரும்” என்றாராம். “நல்லா அளக்குறீங்க சார்” என்றாளாம் இவள். வேலையை விட்ட வருடம், அது பொய்யா நிஜமா என்று பார்க்கவே, வருடாவருடம் காட்டுக்குப் பனை பார்க்க அவர் கூட்டிப்போகிற கூட்டத்தோடு கிளம்பினாள். ஆறு வருடமாகப் போகிறாள்.

காட்டில் அவள் போட்டோ எடுக்கமாட்டாள், பேர் எழுதிக்கொள்ளமாட்டாள். மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மல்லாந்து படுத்துவிடுவாள். கேட்டால், “கழுத்து வலிக்காம வேற எப்படிப் பாக்குறதாம்?” என்பாள். போன வருடம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து ஓடைக்குள் விழுந்தாள். மூன்று பேர் சேர்ந்து தூக்கினார்கள். அந்தப் பயம் தலைவருக்கு.

ஆனால் இந்த முறை பார்க்கப் போனது குடைப்பனை. ஆயுளில் ஒரே ஒரு தடவை பூக்கும், காய்க்கும், செத்துப்போகும். அடுத்த வருடம் வந்தால் பூ இருக்காது. இருக்கிற கொஞ்ச முழங்காலும் இவளுக்கு இருக்காது.

எனக்கு மரமெல்லாம் ஒன்றுதான். அவள் பையைத் தூக்கத்தான் போனேன். தலைவரிடம், “வாயை வீணாக்காதீங்க, அவ கேக்கமாட்டா” என்றேன். விலகிக்கொண்டார்.

பாதி ஏற்றத்தில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் தாண்டிப் போயிற்று. “இங்கயே இருங்கக்கா, திரும்பறப்போ கூட்டிக்கிறோம்” என்று தலைவர் மேலிருந்து கத்தினார்.

“ஆச்சு, போதும்டி” என்றேன்.

“சும்மா இரு அண்ணி.”

படி துடைக்கிறவர்கள் மேல்படியில் உட்கார்ந்து, துடைத்துத் துடைத்து உட்கார்ந்தபடியே கீழே இறங்குவார்கள். இவள் அதைத் தலைகீழாகச் செய்தாள். மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையை ஊன்றி, குதிகாலால் உந்தி, ஒரு சாண் ஒரு சாணாகப் பின்பக்கமாகவே ஏறினாள். இறங்கி வந்த வேறு கூட்டத்துப் பெண் ஒருத்தி சிரித்தாள். “சிரிச்சுக்கோ. உனக்கும் முழங்கால் ரெண்டுதான்” என்றாள் இவள். புடவை பின்னால் நார்நாராகக் கிழிந்ததை நான் சொல்லவில்லை.

நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் இறங்கத் தயாராகப் பையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். தலைவர் இவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், “பத்தே நிமிஷம்” என்றார். நான் விரிப்பைப் போட்டேன், படுத்தாள். உச்சியில் பூ, வைக்கோல் போர் போல வெளுப்பாக ஆளுயரத்துக்கு மேல் நின்றது. மட்டையெல்லாம் தொங்கிக் கிடந்தது.

“பெத்துப் போட்டுட்டுப் போகப் போறா” என்றாள் மரத்தைப் பார்த்து. கொஞ்ச நேரத்தில் தலைவரும் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்து மண்ணிலேயே மல்லாந்து படுத்தார். பத்து நிமிடம் அரை மணி ஆயிற்று.

திரும்பும் வழியில் டீ குடிக்கப் பஸ் நின்றது. இவள் என் சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, எதிரே இருந்த துணிக்கடைக்குள் நொண்டிக்கொண்டே போனாள். புடவைதான் வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஆம்பிளைகள் போடுகிற ஜீன்ஸ் பேண்ட்டை எடுத்துப் பின்பக்கத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாருக்கும்மா, பையனுக்கா?” என்றான் கடைக்காரன்.

“எனக்குத்தான். உக்காந்து மலையேறினா தாங்குமா?”

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

“அடுத்த வருஷம் பிரம்புக்காடாம் அண்ணி. பிரம்பும் பனைச் சாதிதானாம். ஒரே முள்ளா இருக்குமாம்.”

எண்ணூற்று எண்பது என்றான். பேரம் பேசாமல் எண்ணூற்று எண்பதையும் கொடுத்தாள்.