கண் திறந்து ஜெபித்த நாட்கள்

என் மனைவி எஸ்தரின் கல்லறை மண் காய்வதற்குள் என் ஒரே மகனையும் அதன் பக்கத்தில் வைக்க வேண்டியிருக்குமோ என்று நடுங்கினேன். அவனை எனக்குத் திருப்பித் தந்த ஆண்டவரைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றியில்லாதவன். அதனால் எழுதுகிறேன்.

கேரளத்தில் மூணாறுக்கு அருகே மறையூரில் தமிழ்வழிப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயது எழுபத்து நான்கு. சுபாவத்திலேயே பயந்தவன். மூணாறு பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை வளைவுகளை எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணிக்கை தவறினால் ஏதோ நடக்கப்போகிறது என்று முன் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வேன். எஸ்தர் அதற்கு நேர்மாறு. பஸ் ஏறியதும் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிடுவாள். எங்கள் மகன் இம்மானுவேல் அவள் சுபாவத்தைக் கொண்டு பிறந்தவன்.

அவன் வளைகுடா நாட்டுக்கு ஹோட்டல் வேலைக்குப் போனான். அங்கே பாலைவனத்தின் ஓரத்தில் விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக் குதிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. விடுமுறை நாளில் வேடிக்கை பார்க்கப் போனவன் தானும் குதிக்கக் கற்றுக்கொண்டான். சில வருடத்தில் ஹோட்டலை விட்டுவிட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தான். குதிக்க வருகிற சுற்றுலாப் பயணிகளோடு தானும் குதித்து, தலையில் கட்டிய கேமராவில் அவர்களைப் படம் எடுப்பதுதான் அவன் பிழைப்பு. கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எஸ்தர் மட்டும், "பறவைகளைப் பார்க்கிறவர் அவனையும் பார்ப்பாரு, நீங்க சாப்பிடுங்க" என்பாள்.

என் பயத்தைப் போக்கவென்றே ஒருமுறை ஊருக்கு வந்தபோது அவன் தன் சாமான்களைக் காட்டினான். கையில் கட்டும் ஒரு வட்டக் கருவி. எத்தனை ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறோம் என்று முள் காட்டும். இன்னொன்று தீப்பெட்டியைவிடச் சிறியது. ஹெல்மெட்டுக்குள் காதோரமாகச் செருகிக்கொள்வது. நாம் குறித்து வைத்த உயரம் வந்ததும் அது காதில் பீப் பீப் என்று அடிக்கும். மூன்று உயரங்களுக்கு மூன்று விதமான சத்தம். முக்கியமானது நாலாயிரம் அடியில் வருவது. பாராசூட்டைத் திறக்க வேண்டிய இடம் அதுதான்.

நான் கணக்குப் போட்டேன். பதின்மூன்றாயிரம் அடியில் குதிக்கிறான். வேகம் பிடித்த பிறகு ஆயிரம் அடிக்கு ஐந்தரை நொடி. நாலாயிரத்தில் திறக்காவிட்டால் தரைக்கு மிச்சம் இருபத்திரண்டு நொடி. அவ்வளவுதான். "அந்தச் சின்னப் பெட்டி அடிக்க மறந்துட்டா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். அது துணைக்கு மட்டும்தான், கண்ணும் கையிலுள்ள முள்ளும்தான் முதல், அடிக்கொரு தரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், முதல் நாளே அதைத்தான் சொல்லித் தருவார்கள் என்றான். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

சென்ற வருடம் ஜூன் மாதம் எஸ்தர் போய்விட்டாள். கணையத்தில் வந்த புற்று. சபை முழுவதும் அவளுக்காக உபவாசமிருந்தது. நாங்கள் கேட்டது எங்களுக்குக் கிடைக்கவில்லை. இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. அடக்கத்துக்கு வந்த இம்மானுவேல் அழவே இல்லை. திரும்பிப் போகும் நாளில் அவளுடைய சேலை ஒன்றை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டான்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மாலை ஜெபத்தில் எல்லாரும் கண்ணை இறுக மூடிக்கொள்வோம். ஜெபிக்கிறவர் ஆமென் சொல்லும்வரை யாரும் திறக்கக் கூடாது. இது எஸ்தரின் சட்டம். பூனை மீன் சட்டியை உருட்டினாலும் திறக்கக் கூடாது, உருட்டியும் இருக்கிறது. மகன் வெளிநாடு போன பிறகும் போனில் அதே ஜெபம், அதே சட்டம். அவள் இங்கே ஆமென் சொன்னால் அவன் அங்கே கண் திறப்பான்.

ஆகஸ்டில் ஒரு மாலை போனில் பேசும்போது அவன் குரல் தெளிவாக இருந்தது. எப்படிடா மனசைத் தேற்றிக்கொள்கிறாய் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னான்.

"லீவு நாள்ல தனியாக் குதிக்கேன்பா. குதிச்சதும் கண்ண மூடிக்கிடுவேன். அம்மா சொல்லுத ஜெபத்த அப்படியே சொல்லுவேன். அங்க சத்தம் ஒண்ணும் கிடையாது, காத்து மட்டும்தான். அம்மா பக்கத்துல இருக்க மாதிரி இருக்கு. காதுல பீப் அடிக்கும். அதான் ஆமென். கண்ணத் தொறந்து பாராசூட்ட இழுப்பேன்."

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"ஏலே, கையில கட்டியிருக்க முள்ளப் பாக்கணும்னு நீதானே சொன்ன?"

"கேமரா வேலையில பாக்கத்தான் செய்யுதேன். இது எனக்குன்னு குதிக்கது. அந்தப் பீப் இதுவரைக்கும் ஒருநாளும் பொய் சொன்னதில்லப்பா."

"உங்கம்மா சொன்ன ஆமெனுக்குக் கண் தொறந்த பய, இப்ப பேட்டரி சொல்லுத ஆமெனுக்குத் தொறக்கியா?"

தரைக்கு மிக அருகில் வந்த பிறகு, கடைசி நேரத்தில் அவசரப் பாராசூட்டைத் தானாகவே திறக்கும் இன்னொரு கருவி முதுகுப் பையில் இருக்கிறது, பயப்படாதீர்கள் என்றான். அதற்கும் பேட்டரிதானே என்றேன். பிறகு மெதுவாகச் சொன்னான், "அந்த ஒரு நிமிஷத்தையும் எங்கிட்ட இருந்து எடுத்துராதீங்கப்பா."

துக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் ஜெபிக்காதே என்று எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை எனக்கு நரகமாயிற்று. அவனுக்கு வெள்ளிதான் விடுமுறை. காலையில் வெல்லம் காய்ச்சும் கரும்பு ஆலைப் புகை எழுவதைப் பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். அவன் போன் வரும்வரை எழுந்திருக்க மாட்டேன். ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினால், மூடிய கண்ணோடு அவன் விழுந்துகொண்டிருப்பதுதான் தெரியும். உடனே திறந்துகொள்ளும்.

கடைசியில் ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்து ஒரு பொருத்தனை செய்தேன். "ஆண்டவரே, அவன் கண்ணை மூடிக்கொண்டு விழுகிறான். அவனுக்குப் பதில் நான் கண் விழித்திருக்கிறேன். இனி ஜெபத்தில் நான் கண் மூடுவதில்லை. நீர் அவன் கண்ணைத் திறந்தருளும்" என்றேன். வேறு எதையும் கேட்கவில்லை. வேலையை விடட்டும் என்றுகூடக் கேட்கவில்லை.

சபையில் அது எடுபடவில்லை. எங்கள் கோயிலில் நாற்பது ஐம்பது பேர் வருவோம். எல்லாரும் தலை குனிந்திருக்க, நான் ஒருவன் மட்டும் ஆந்தை மாதிரி விழித்துக்கொண்டிருப்பேன். குழந்தைகள் விரல் இடுக்கில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். போதகர் தனியாக அழைத்து, மனம் கலங்கியிருக்கிறதா என்று விசாரித்தார். காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் தங்கை ராஜாத்தி அடுத்த தெருவில் இருக்கிறாள். அவள் வாய்க்கு மறையூரே பயப்படும்.

"அண்ணே, ஜெபத்துல யாரு யாரு கண்ண மூடுதாங்கன்னு எண்ணுதியளோ? அத எண்ணுததுக்கு மேல ஒருத்தர் இருக்காருல்ல" என்றாள், எல்லார் முன்னிலையிலும்.

அதோடு விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெப வேளையில் அவள் தன் போனில் என்னைப் படம் பிடித்து இம்மானுவேலுக்கு அனுப்பிவிட்டு எனக்கும் காட்டினாள். குனிந்த தலைகளின் நடுவே கண் கொட்டாமல் உட்கார்ந்திருக்கும் நான். "ஒங்க அப்பா கோயில்ல காவல் வேலைக்குச் சேந்துட்டாரு, பாருடே" என்று கீழே எழுதியிருந்தாள். ஜெப வேளையில் படம் பிடித்தவள் கண்ணும் திறந்துதானே இருந்திருக்கும் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு அவமானம். என் வேதனை உனக்கு விளையாட்டாக இருக்கிறதா என்று அவளோடு சண்டை போட்டேன். மகன் அந்தப் படத்தைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிதோறும் குதிப்பதையும் நிறுத்தவில்லை. எஸ்தருக்காகக் கேட்டது போலவே இதுவும் போய்விடும் என்று நினைத்தேன். அந்த நாட்களில் ஜெபம் என் வாயிலிருந்து வந்ததே தவிர, உள்ளிருந்து வரவில்லை.

அக்டோபரில் ஒரு வெள்ளி. வழக்கமான நேரத்துக்குப் போன் வரவில்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. ராஜாத்தி கஞ்சி கொண்டுவந்தாள். நான் தொடவில்லை. சண்டையை மறந்து அவளும் அசையாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் அவன் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"அப்பா, கண்ணத் தொறந்துட்டேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதை இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

அன்று அவன் குதித்ததும் கண்ணை மூடினான். ஜெபத்தைத் தொடங்கினான். காதிலிருந்த பெட்டி அன்று செத்துக் கிடந்தது. பேட்டரி தீர்ந்திருந்தது. கிளம்பும் முன் அதைச் சோதித்தானா என்று அவனுக்கு இன்றுவரை நினைவில்லை. ஒரு சத்தமும் வரவில்லை. வராததையும் அவன் உணரவில்லை. வராத சத்தத்தை எப்படி உணர்வது? ஜெபத்தை நீட்டிக்கொண்டே போனான். அம்மாவின் முகத்தை நினைக்கிறான். அந்த முகம் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கோயிலில் ஆந்தை மாதிரி விழித்துக்கொண்டிருக்கும் என் முகம் வந்து நின்றது. எவ்வளவு தள்ளினாலும் போகவில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் கண் திறந்துகொண்டது.

கையிலிருந்த முள் ஆயிரத்து எண்ணூறில் நின்றது. தரையில் கிடந்த கற்கள் தனித்தனியாகத் தெரிந்தனவாம். மிச்சம் பத்து நொடி. பெரிய பாராசூட்டுக்கு நேரமில்லை என்று அவசரப் பாராசூட்டை இழுத்தான். அது திறந்தது. ஆனால் எங்கே இறங்குவது என்று தேர்ந்தெடுக்கும் உயரம் இல்லை. காற்று பாறைக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டது. இடது காலும் இடுப்பெலும்பும் முறிந்தன. உயிர் இருந்தது.

அவன் சொல்லி முடித்தபோது பக்கத்திலிருந்த ராஜாத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எங்கள் சண்டைக்குக் காரணமான அந்தப் படத்தின் வழியாகத்தான் ஆண்டவர் பதில் அனுப்பினார். நான் மௌனமாகச் செய்த பொருத்தனையை மகனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு வழி தெரியவில்லை. என்னைக் கேலி செய்தவள் கையைக் கொண்டு அவர் சேர்த்தார். தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். அந்தப் பத்து நொடியை என் கணக்கில் எங்கும் அடக்க முடியவில்லை.

பிப்ரவரியில் அவன் ஊர் வந்து சேர்ந்தான். இடது கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. ஊன்றுகோல் வேண்டும். இனிக் குதிக்கவே கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மூணாறுக்கு வருகிற பயணிகளைப் படம் எடுக்கப் போய்வருகிறான். மலைக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பான். அது மறையும்வரை நான் அவனோடு பேச மாட்டேன். அவன் உயிரைக் கேட்டேன், கிடைத்தது. அவன் வானத்தையும் சேர்த்துக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சின்னக் கருவியை நான் குறை சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு அது நல்ல துணை. பார்க்கிற வேலையையே அதனிடம் விட்டுவிட்டால் அது என்ன செய்யும்? விசுவாசமும் எனக்கு இப்போது அப்படித்தான் தோன்றுகிறது. நம்புவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு விழுவது என்று வெகு நாள் நினைத்திருந்தேன். நம்முடைய ஆண்டவரோ சிலுவைக்கு முந்தின இரவில் தம்மோடு விழித்திருக்கும்படிதான் தம்முடையவர்களைக் கேட்டார்.

பொருத்தனை நிறைவேறிவிட்டது. இனி நான் கண்ணை மூடிக்கொள்ளலாம். ஆனாலும் மாலை ஜெபத்தில் அப்பாவும் மகனுமாகக் கண் திறந்தே உட்காருகிறோம். அதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. எஸ்தர் ஜெபத்துக்குப் பாய் விரித்து உட்காரும் இடம் எதிரே வெறுமையாகத் தெரியும். கண்ணை மூடியிருந்தால் அவள் அங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கலாம். இப்போது ஒவ்வொரு நாளும் அவள் இல்லாததைப் பார்த்துக்கொண்டேதான் ஸ்தோத்திரம் சொல்கிறோம். சில நாள் அவன் குரல் உடையும், சில நாள் என்னுடையது.

கேட்டது கிடைக்காத துக்கத்தில் இதை வாசிக்கிறவர்கள் இருப்பீர்கள். ஜெபிக்க மனமே வரவில்லை என்று சொல்வீர்கள். எனக்கும் வரவில்லை. வராத மனதோடுதான் கேட்டேன். நீங்களும் உங்கள் வீட்டில் காலியாகிவிட்ட இடத்துக்கு எதிரே உட்காருங்கள். பார்வையைத் திருப்பிக்கொள்ளாமல் கேளுங்கள். அவர் அங்கேயும் கேட்கிறார்.