நான்காவது முனை

பிரசவ வார்டில் என் அண்ணிக்குப் பெயர் பார்சல் அக்கா. பிறந்த குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, தாயின் பக்கத்தில் கிடத்துவது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறார். டாக்டர்கள் மாறினார்கள், கட்டில்கள் மாறின, சுவருக்கு நாலு தடவை பெயின்ட் அடித்தார்கள். அண்ணி மட்டும் அதே மேசைக்குப் பக்கத்தில் அதே மாதிரிச் செருப்போடு நின்றார். அவர் சுற்றினால் வீறிட்டு அழுகிற பிள்ளையும் கப்சிப் ஆகிவிடும் என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு. நான் வாயைத் திறந்தால் சும்மா இருக்கிற பிள்ளையும் அழும்.

நான் தையல்காரி. துணியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று திமிராகத் திரிந்தவள். ஒருநாள் அண்ணி ஒரு தலையணையை வைத்துச் செய்துகாட்டினார். சதுரத் துணியை ஒரு முனை மேலே வருமாறு விரித்தார். அந்த மேல் முனையை உள்பக்கம் மடித்து, கழுத்து அதன்மேல் வருகிற மாதிரி தலையணையைக் கிடத்தினார். இடது முனை குறுக்கே வந்து முதுகுக்கு அடியில் போனது. கால்பக்க முனை நெஞ்சுக்கு ஏறியது. வலது முனை எல்லாவற்றையும் சுற்றி வந்து தானே செருகிக்கொண்டது. ஊக்கு இல்லை, முடிச்சு இல்லை. நானும் பத்துத் தடவை முயன்றேன். பத்துத் தடவையும் தலையணை பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது.

அன்றைக்கே இன்னொன்றையும் காட்டினார். மூச்சில்லாமல் பிறக்கிற குழந்தைக்கு மேல் முனையை உள்ளே மடிப்பதில்லை. மற்ற மூன்று முனைகளையும் முடித்துவிட்டு, நான்காவதாக அதை முகத்தின்மேல் இறக்கி நெஞ்சில் செருகிவிட வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். அப்புறம் தலையணையை உதறிப் போட்டுவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனார்.

அண்ணன் இறந்து பதினொரு வருடம் ஆகிறது. அண்ணியும், அவர் மகளும், நானும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். முன் அறையில் என் தையல் மெஷின், பின் அறையில் இரண்டு கட்டில், நடுவில் சமையல். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு இதுவரை நல்ல பதில் கிடைத்ததில்லை. அண்ணி மகளை நாங்கள் வாலு என்று கூப்பிடுவோம். ஐந்து வயதில் கோயில் மணிக்கயிற்றில் தொங்கி ஊரையே கூட்டியவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது. வளர்ந்து ஒரு எலக்ட்ரீஷியனைக் கட்டிக்கொண்டு, நாலு தெரு தள்ளிக் குடித்தனம் போனாள். தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வந்தாள்.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அண்ணி வேலை பார்க்கும் அதே வார்டில் பிரசவம். பெண் குழந்தை. நிறைமாதம். மூச்சு இல்லை.

ஆபரேஷன் செய்ததால் வாலுவுக்கு மயக்கம் தெளியவில்லை. குழந்தையைத் துடைக்க வேறு ஆயா இருந்தாள். அண்ணி அவளை விலகச் சொல்லிவிட்டுத் தானே துடைத்தார், தானே சுற்றினார். வாலு அரைக்கண் திறந்தபோது, மருமகன் கையில் ஒரு வெள்ளைப் பொட்டலம் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டினாள். அண்ணி அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தார். "பாக்க வேணாம்மா. தூங்கு" என்றார். வார்டில் அப்படித்தான் வழக்கம், பார்த்தால் தாய் தாங்கமாட்டாள் என்று. நான் கட்டில் ஓரத்தில் நின்றிருந்தேன். நானும் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய ஒரே நாளில் என் வாய்க்குப் பூட்டு விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபிறகு வாலு மூன்று தடவை கேட்டாள், குழந்தை யார் மாதிரி இருந்தது என்று. முதல் தடவை அண்ணி, உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். இரண்டாம் தடவை, மாத்திரை போட்டாயா என்றார். மூன்றாம் தடவை எழுந்துபோய்த் துணி மடித்தார். அதோடு வாலு கேட்பதை நிறுத்திவிட்டாள். அம்மா என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். சோறு வேண்டும் என்றால் என்னிடம் சொல்வாள், கதவைச் சாத்த வேண்டும் என்றாலும் என்னிடம் சொல்வாள். மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் நான் தபால்காரி ஆனேன். தேறும்வரை இருக்கட்டும் என்றுதான் அவளை நிறுத்திவைத்தோம். மாதங்கள் போயின. மருமகன் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, முன் அறையில் என் மெஷினுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தான்.

வீட்டில் யாரும் அழவில்லை. யாராவது ஒரு நாள் பாத்திரத்தைத் தூக்கி எறிந்து ஒப்பாரி வைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அண்ணி ஐந்தாம் நாளே வேலைக்குப் போய்விட்டார். மற்றவர்களின் குழந்தைகளைச் சுற்றினார், ஒரு மடிப்புகூடப் பிசகவில்லை. சாயங்காலம் ஜெபமாலை சொல்ல உட்காருவோம். அண்ணி சொல்வார், நான் பதில் சொல்வேன், வாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் பாதியில் அண்ணி நிறுத்தினார். அவருக்கு அடுத்த வரி மறந்துவிட்டது என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன்.

"மறக்கல. வாய் அது பாட்டுக்குச் சொல்லுது. உள்ள யாரும் இல்ல" என்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தார்.

டிசம்பரில் மருமகனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. இருபத்தேழாம் தேதி கிளம்ப வேண்டும். இந்த மௌனத்தோடு பஸ் ஏறினால் வாலு திரும்பி வரமாட்டாள். அவள் என் அண்ணன் மகள், எங்கள் வீட்டுப் பிடிவாதம் எனக்குத் தெரியாதா. அண்ணியைச் சமையலறையில் பிடித்துக்கொண்டு, என்னத்தையாவது சொல்லித் தொலையுங்கள், மூக்கு இப்படி இருந்தது வாய் இப்படி இருந்தது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கத்தினேன். அவர் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

இதற்கு நடுவில் கிறிஸ்துமஸ் குடில் வேலை வந்தது. எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. துணியில் சுற்றித்தான் தாய் பிள்ளையைத் தீவனத்தொட்டியில் கிடத்தினாள் என்று வேதத்தில் இருக்கும்போது, நாம் ஏன் குழந்தை இயேசுவை வெறும் உடம்போடு வைக்கிறோம் என்று முன்பிருந்த ஃபாதருக்கு ஒரு வருடம் தோன்றியது. அண்ணியைக் கூப்பிட்டு, உங்கள் கையால் சுற்றித் தாருங்கள் என்றார். அதிலிருந்து சுமார் இருபது வருடமாக, பண்டிகைக்கு முந்தின சாயங்காலப் பூசையில் அண்ணிதான் அந்தக் குழந்தைச் சுரூபத்தைச் சுற்றி எடுத்து வருவார். ஃபாதர் வாங்கி, பிள்ளைகள் சூழ்ந்து நிற்க, வைக்கோலில் கிடத்துவார். துணி வருடா வருடம் நான் தைத்துக் கொடுப்பது. எங்கள் வீட்டுப் பெருமை அது ஒன்றுதான்.

இப்போதிருக்கும் ஃபாதர் சின்ன வயசு, நல்ல மனுஷன். வீட்டுக்கே வந்து, இந்த வருடம் வேறு யாராவது செய்யட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். அண்ணி தன் வேலையைத் தானே செய்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன், அந்தப் பொம்மையை எப்படித்தான் கையில் எடுப்பீர்கள், உங்களுக்கு நெஞ்சு கல்லா என்று. கல்லா என்று கேட்டிருக்கக் கூடாது. அண்ணிக்குக் கோபம் வரவில்லை.

"மாதா ரெண்டு தடவ சுத்தினா. தொட்டியில வைக்கறதுக்கு ஒரு தடவ, கல்லறையில வைக்கறதுக்கு ஒரு தடவ. ரெண்டும் துணிதான்" என்றார்.

கல்லறைக்கு மாதாதான் சுற்றினாரா என்று வேதத்தில் தேடினேன். சுற்றியது வேறு ஆட்கள். ஆனால் அண்ணியிடம் போய் அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

இருபத்துநாலாம் தேதி மத்தியானம் கோயிலின் பின்னறையில் இருந்தோம். மருமகன் குடிலுக்குச் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தான். ஒரு வரிசை எரியவில்லை, இன்னொரு வரிசை அணையவில்லை. நீயெல்லாம் என்ன எலக்ட்ரீஷியன் என்று நான் அவனோடு மல்லுக்கு நின்றேன். அந்த நேரத்தில் அண்ணி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேசையில் துணியை விரித்துச் சுற்றி முடித்துவிட்டார். சுற்றியதை ஒரு தட்டில் வைத்து மேலே பட்டுத்துணி போர்த்தினார். நான் திரும்பிப் பார்த்திருந்தால் சரிசெய்திருப்பேன். பார்க்காதது நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பூசைக்கு வாலு வந்தாள். புருஷன் கெஞ்சியதால் வந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். மணியடித்ததும் அண்ணி தட்டோடு நடுவழியில் நடந்தார். ஃபாதர் பட்டுத்துணியை எடுத்துவிட்டு, சுரூபத்தைக் கையில் ஏந்திக் குடிலுக்குக் குனிந்தார். குனிந்தவர் நின்றுவிட்டார். எந்தப் பக்கம் தலை என்று தேடுகிறார் என்று நினைத்தேன். முன்னால் நின்ற ஒரு சின்னப் பெண் அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:

"ஃபாதர், பாப்பாவுக்கு மூஞ்சி இல்ல."

நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் அப்போதுதான் பார்த்தேன். நான்காவது முனை முகத்தின்மேல் இறங்கி நெஞ்சில் செருகியிருந்தது. கச்சிதமாக, ஒரு சுருக்கம் இல்லாமல்.

அண்ணிக்கு அதுவரை தெரியாது, சத்தியமாகத் தெரியாது. கையில் கிடைத்தது அசையவில்லை, சில்லென்று இருந்தது, கை தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டது. அவர் தன் இரண்டு கைகளையும் விரித்து, அவை வேறு யாருடையவையோ என்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். ஃபாதர் ஒன்றும் புரியாமல் முனையை இழுக்கப் போனார். பின்னாலிருந்து வாலு எழுந்து வந்தாள். ஓடவில்லை. சாமான் வாங்கக் கடைக்குப் போகிறவள் மாதிரி நடந்து வந்தாள். அந்தச் சுற்றை அவள் ஒரு தடவை பார்த்திருக்கிறாள், வாசலைத் தாண்டும்போது. ஃபாதர் கையிலிருந்து அதை வாங்கி, குடிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா" என்றாள். ஒன்பது மாதம் கழித்து. "நீயே எடு."

அண்ணி எதிரே உட்கார்ந்தார். செருகியிருந்த முனையை உருவி மேலே தூக்கினார். மூக்கில் பெயின்ட் உதிர்ந்த, எல்லாருக்கும் தெரிந்த சுரூபத்தின் முகம் வந்தது. அண்ணி அதைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துச் சொன்னார்:

"மூக்கு உன்னோடது. முடி நெறைய இருந்துச்சு, ஈரத்துல நெத்தியில ஒட்டியிருந்துச்சு. எடது காதுக்குக் கீழ ஒரு மச்சம்."

"வேற?"

"வெரல் நீளம். நகம் வளந்திருந்துச்சு."

"கண்ணு?"

"மூடியிருந்துச்சும்மா. நான் தெறந்து பாக்கல." அண்ணி துணியின் முனையை நீவிவிட்டார். "நீ தாங்கமாட்டேன்னு ஒண்ணும் நான் காட்டாம இருக்கல. நீ பாத்து அழுதா நான் அங்கேயே விழுந்துடுவேன்னு பயந்தேன். அதான் மூடினேன்."

வாலு தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. "வேற?" என்று மறுபடி கேட்டாள். அண்ணி சொன்னார். தொடையில் இருந்த மடிப்பு, பாதத்தின் நிறம், மேலுதட்டில் நடுவே இருந்த சின்னப் பள்ளம். கோயிலில் இருந்தவர்களுக்கு முழுதும் கேட்டிருக்காது. ஃபாதர் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். சொல்ல இனி ஒன்றுமில்லை என்றானபோது வாலு எழுந்து சுரூபத்தை வைக்கோலில் கிடத்தினாள். பிறகு அம்மாவுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

ஃபாதர் பிரசங்கத்துக்கு நாலு பக்கம் எழுதி வைத்திருந்தார். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கடவுள் நமக்கு முகம் காட்ட வந்த நாள் இது, தொடக்கூடிய முகம், இறந்தும் போகக்கூடிய முகம் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பிரசங்கம் எதுவும் என் மண்டையில் நிற்பதில்லை. இது நின்றுவிட்டது, சின்னதாக இருந்ததால்.

அதன்பிறகு வீடு ஒன்றும் களை கட்டிவிடவில்லை. கிறிஸ்துமஸ் அன்றைக்கும் மூன்று பேரும் மரத்துப்போய்த்தான் உட்கார்ந்திருந்தோம். அண்ணிக்கு ஜெபம் இன்னும் உள்ளே இறங்கவில்லையாம், கேட்டால் மறைக்காமல் சொல்கிறார். இருபத்தேழாம் தேதி வாலு பஸ் ஏறும்போது, "அம்மா, போயிட்டு வரேன்" என்றாள். போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள், என் நம்பருக்கு இல்லை. என் தபால் வேலை போய்விட்டது.

போன வாரம் ஒருநாள் அண்ணி வேலையிலிருந்து தாமதமாக வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு என் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சில்லாத குழந்தை ஒன்று என்றார். மூன்று முனை முடித்துவிட்டு நான்காவதில் கை நின்றதாம். அப்படியே தூக்கிக்கொண்டு கட்டிலுக்குப் போய், பார்க்கிறாயாம்மா என்று அந்தப் பெண்ணைக் கேட்டிருக்கிறார். அவள் பார்க்கிறேன் என்றாளாம். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம்.

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"பக்கத்துல நின்னேன்" என்றார். "அவ போதும்னு சொன்னப்புறம்தான் மூடினேன்."