நண்டுத் திட்டு ஏழாம் அரணை

கிள்ளை கிராமத்துக்கு வந்து செந்தமிழ்செல்வன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று விளங்காது. அரணை செல்வன் வீடு என்று கேட்டால் டீக்கடைக்காரரே எழுந்து வந்து வழி காட்டுவார். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. நிலத்தில் உப்பு ஏறிய பிறகு அவன் வயதுக்காரர்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பினார்கள். செல்வன் மட்டும் சதுப்புக்காட்டில் திட்டுத் திட்டாக இறங்கி அரணை பிடிக்கப் போனான். “அதுக்குச் சம்பளம் வேற தராங்களாடா?” என்று அவனைக் கேட்காத ஆள் ஊரில் கிடையாது.

சிதம்பரத்தில் இருந்த ஸ்வர்ணலதா என்ற ஆராய்ச்சியாளரிடம்தான் அவனுக்கு வேலை. தண்ணீர் சூழ்ந்த திட்டுகளில் வாழும் அரணைகள் எங்கிருந்து வந்தன, எப்போது பிரிந்தன, பிரிந்தபின் எப்படி மாறின என்பதை மரபணுவை வைத்துக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி அது. செல்வன் அதைத் தன் அம்மா சௌந்தரத்துக்குச் சுருக்கமாகச் சொல்லிவிட்டான்.

“பாகம் பிரிஞ்சி ஊர் மாறிப்போன பங்காளிங்க மாதிரிம்மா. ஒண்ண ஒண்ணு தெரியாது. ஆனா ஒடம்புக்குள்ள எழுதியிருக்கு. யாரு கிட்டத்து உறவு, யாரு தூரத்து உறவு, எப்பப் பிரிஞ்சாங்க, எல்லாத்தையும் படிச்சிடலாம்.”

பிடித்த அரணையின் வால் நுனியைக் கத்தரியால் நேராக நறுக்கிக் குப்பியில் போட்டு, திட்டின் பெயரையும் எண்ணையும் ஒட்டுவான். பிறகு அதைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவான். வால் மறுபடி வளரும். ஆனால் புதுத் துண்டு வெளுப்பாக இருக்கும். நறுக்கிய இடத்தில் கோடு கிழித்தது போல ஒரு வரம்பு தெரியும். காக்கை கொத்திப் போன வாலில் அந்த நேர்க்கோடு இருக்காது.

படகு ஓட்டியவன் பாலகுமார். செல்வனின் மனைவி கயல்விழிக்குத் தம்பி. பாதி நாள் அவனுக்கு அக்கா வீட்டில்தான் சாப்பாடு. “அத்தை, உங்க கைக்குழம்புக்காகவே எங்க அக்காவ இங்க குடுத்தோம்” என்பான். சௌந்தரம் இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.

போன வருடம் கடைசியாக மிஞ்சியது நண்டுத் திட்டு. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் தனியாகக் கிடக்கிற மணல் மேடு. அந்த நேரம் பார்த்துச் செல்வனுக்கு மஞ்சள் காமாலை வந்து, கடலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

“நீ படு மாமா, நான் பாத்துக்கறேன்” என்றான் பாலகுமார். சொன்னபடி வாரக் கடைசியில் வந்து குப்பிகளைக் கட்டிலில் பரப்பினான். “இந்தா, ஒன் பங்காளிங்க.”

செல்வன் அந்தக் குப்பிகளை ஸ்வர்ணலதாவுக்கு அனுப்பினான். “நம்ம பாலு பிடிச்சதுதான் மேடம், நான் பிடிச்ச மாதிரியே வச்சிக்கலாம்” என்று போனில் சொல்லவும் செய்தான்.

முடிவு வந்தபோது ஸ்வர்ணலதாவின் குரலில் உற்சாகம். “நண்டுத் திட்டு அரணைக்கும் கிள்ளைக் கரை அரணைக்கும் வித்தியாசமே இல்ல செல்வன். ரொம்பச் சமீபத்துலதான் அங்க போயிருக்கணும். சுனாமித் தண்ணி திரும்புறப்ப கூரை, கட்டையோட அடிச்சிட்டுப் போயிருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன்.”

அந்த ‘இருக்கலாம்’ செல்வன் காதில் விழவில்லை. அவன் தங்கை தமிழ்ச்செல்வி, எட்டு வயதில், அரைப்பரீட்சை லீவுக்குக் கடலோரத்துச் சித்தி வீட்டுக்குப் போனவள். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த தண்ணீர் அவளைக் கொண்டு போனது. உடல் கிடைக்கவே இல்லை. அன்றைக்குப் பிறகு சௌந்தரம் கடல் பக்கம் காலெடுத்து வைத்ததில்லை.

செல்வன் நேராக அம்மாவிடம் போனான். சொல்லி முடித்ததும் அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

“அந்தத் தண்ணி இழுத்துட்டுப் போனது உசுரோட ஒரு எடத்துல போயிச் சேந்துச்சா?”

“சேந்துச்சிம்மா. முட்டையிட்டு வம்சமா இருக்குதுங்க.”

டிசம்பரில் பள்ளிக்கூடத்தில் நடந்த நினைவுக் கூட்டத்திலும் அவன் இதைப் பேசினான். முன் வரிசையில் இருந்த பாலகுமார் கை தட்டினான், கண்ணையும் துடைத்துக்கொண்டான். அன்று வீடு திரும்பியதும் சௌந்தரம், “என்னை அந்தத் திட்டுக்குக் கூட்டிட்டுப் போ. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்துல இருந்து பெருமாளே இங்க கடலாட வராரு. இங்க இருக்குற எனக்கு அங்க போறதுக்கென்ன?” என்றாள். சொல்லிவிட்டு, கூடவே வந்திருந்த பாலகுமாரைப் பார்த்துச் சிரித்தாள்.

அதன்பிறகு பாலகுமார் ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் வைத்திருந்தான். காத்து சரியில்லை, தண்ணீர் வற்றிக் கிடக்கிறது, இன்ஜின் மக்கர். “இன்ஜினை நானே பாக்கறேன்” என்று செல்வன் ஒரு நாள் காலை மச்சான் வீட்டுக் கொல்லைக்குப் போனான். பாலகுமார் இல்லை. இன்ஜினை இழுக்க விறகுக் குவியலை நகர்த்தியபோது ஓர் அரணை வெளியே ஓடி வெயிலில் நின்றது. வால் நுனி வெளுப்பு. நடுவே நேர்க்கோடு.

அந்தக் கொல்லையில் செல்வன் ஒரு நாளும் அரணை பிடித்ததில்லை.

கை பழக்கத்தில் அதைப் பிடித்தது. வாலை நறுக்கிக் குப்பியில் போட்டு, எங்கே பிடித்தது என்று எழுதாமல் சிதம்பரத்துக்கு அனுப்பினான். அந்த நாட்களில் பாலகுமார் சாப்பிட வந்தபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். தப்பாக இருக்கட்டும், நான் நினைப்பது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே சாப்பிட்டான்.

ஸ்வர்ணலதா போன் செய்தார். “இது ஏற்கனவே நம்மகிட்ட இருக்கே. நண்டுத் திட்டு ஏழாம் நம்பர். உறவு இல்ல செல்வன், அதே பிராணி. மறுபடியும் திட்டுக்குப் போனீங்களா?”

“இல்ல மேடம். பாலு வீட்டு விறகுக்குள்ள இருந்துச்சி.”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “உங்க வார்த்தையை நம்பித்தான் அதைச் சேத்தேன். நண்டுத் திட்டைக் கணக்குல இருந்து எடுத்துடறேன். மத்த திட்டுக் குப்பிகளையும் ஒரு தடவ சரிபாக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க.”

மூன்று வருடம் சேற்றில் நடந்து அவனே பிடித்து நிரப்பிய குப்பிகள் அவை.

படகுத்துறையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த பாலகுமார் முன்னால் செல்வன் போய் நின்றான். “ஏழாம் நம்பர் அரணை ஒன் விறகுக்குள்ள என்னடா பண்ணுது?”

பாலகுமார் சிரிக்கப் பார்த்தான். “ஏன் மாமா, ஒன் அரணைக்கு நீச்சல் தெரியாதா?”

செல்வன் முகம் மாறவில்லை. பாலகுமார் கயிற்றைக் கீழே போட்டான்.

“போனேன் மாமா. சத்தியமா போனேன். மணலும் நண்டுந்தான். அரணையே இல்ல அங்க. நீ கண்ணெல்லாம் மஞ்சளா கெடக்குற, வெறுங்கையோட எப்பிடி வந்து நிக்கறது? கொல்லையில புடிச்சிட்டு வந்தேன். எல்லாம் அரணதானேன்னு நெனச்சேன்.”

“இல்லன்னு சொல்லியிருந்தா அதுவும் ஒரு விடைடா. அதயும் எழுதுவாங்க.”

“அது எனக்கென்ன தெரியும்?”

“சரி, அன்னிக்குத் தெரியல. ஸ்கூல்ல நான் பேசறப்பத் தெரியும்ல? முன் வரிசையில ஒக்காந்து கை தட்டுனியேடா.”

பாலகுமார் தலை குனிந்தான். “அத்தை சிரிச்சி நான் பாத்ததே இல்ல மாமா. பாத்தப்புறம் எப்பிடிச் சொல்றது? இப்பவும் சொல்லாத. மொத நாளு நான் போயி நாலஞ்ச விட்டுட்டு வந்துடறேன். மறுநாளு அவுங்கள கூட்டிட்டுப் போவோம். அவுங்களுக்கு என்ன தெரியப் போவுது?”

ஒரு கணம் செல்வனுக்கும் அந்தக் காட்சி தெரிந்தது. படகில் அம்மா. மணலில் வெயில் காயும் அரணை. அம்மாவின் முகம். அது எவ்வளவு சுலபம் என்று நினைத்தபடி பாலகுமாரைப் பார்த்தான். இவ்வளவு நாளும் இவன் தன் பக்கத்தில் உட்கார்ந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தானா?

செல்வன் திரும்பி வீட்டுக்கு நடந்தான்.

வீட்டில் சௌந்தரம் பொரியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். “ஏண்டா, அதுங்களுக்கு என்ன எடுத்துட்டுப் போறது? பொரி தின்னுமா?”

செல்வன் அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். விறகு, வால், போன், பாலகுமார் சொன்னது, எதையும் விடவில்லை. முறம் அவள் மடியில் அசையாமல் இருந்தது.

“அப்ப அங்க ஒண்ணும் போயிச் சேரலியா?”

“இல்லம்மா.”

அவள் பொரியைத் திரும்ப டப்பாவில் கொட்டி மூடினாள். அழவில்லை. டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“பாலுவுக்கு இது மொதல்லேருந்தே தெரியுமா?”

“தெரியும்மா.”

“எங்கிட்ட சோறு வாங்கித் தின்னப்பவும்?”

வாசலில் செருப்பை உதறும் சத்தம் கேட்டது. பாலகுமார்தான். உள்ளே வரத் தயங்கி நின்றான். சௌந்தரம் அந்தப் பக்கம் பார்க்காமல் எழுந்தாள்.

“வந்திருக்கான் பாரு. நீயே சோறு போடு. இனிமே என்னால அவனுக்குப் போட முடியாது.”